மிருதங்கம் கொண்ட வரலாறு

சந்தையிலே மண்பானை வாங்கச் செல்லும் மூதாட்டி, பானையைக் கையிலெடுத்துக் காதருகே வைத்து, விரலை மடக்கி இரண்டு முறை தட்டிப் பார்த்த பின்னரே விலை கேட்பாள். ஓசை கணீரென்று எழுமாயின் பானை நன்று. பொத்தென்று விழுமாயின் எங்கேனும் ஒரு கீறல் உண்டு. இவ்வளவு அறிவு எம் பாட்டியார்க்கும் உண்டு. அஃது எமக்கு இல்லாதொழிந்தமையான் நேர்ந்த இழுக்கினையும், அவ்விழுக்கின் வழியே யாம் பெற்ற கல்வியினையும் நம் கல்லூரி அன்பர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தம் புகழைத் தாமே கூறுதல் தகாதென்பர் ஆன்றோர். தம் பிழையைத் தாமே கூறுதற்குத் தடையொன்றும் யாண்டும் கண்டிலேம்.

நம் கல்லூரியின் தமிழ்க் கீர்த்தனைக் குழுவினர் பதின்மூவர் என்பது பலரும் அறிந்ததே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் இயற்றிய கீர்த்தனைகளைக் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் பிற நாட்களிலும் யாங்கள் பாடி வருகின்றோம். குழுவிற்கு உரியதாயிருந்த பழைய மிருதங்கம் சென்ற ஆண்டு வலந்தலை கிழிந்து, கட்டையும் கறையானுக்கு இரையாகிப் பயனற்றுப் போயிற்று. புதியதொன்று வாங்குதற்குப் பதின்மூவரும் கூடிச் சேர்த்த தொகை 9,000 ரூபாய். அத்தொகை எளிதிற் சேர்ந்ததன்று. விடுதியிலுள்ள நண்பரொருவர் ஒரு திங்கள் முழுவதும் மாலைச் சிற்றுண்டியைத் துறந்து 500 ரூபாய் தந்தார். அவர் அதனைக் கூறிற்றிலர். பின்னரே யாம் அறிந்தோம். மயிலாப்பூரில் ஓர் ஆசிரியரிடம் நான்கு ஆண்டுகள் மிருதங்கம் பயின்றவர் குழுவில் யாம் ஒருவரேயாதலின், வாங்கும் பொறுப்பு எம்பால் விடப்பட்டது. வாசிக்கத் தெரிந்தவனுக்குத் தேர்ந்தெடுக்கவும் தெரியும் என்று அவர்கள் எண்ணினார்கள். யாமும் அவ்வாறே எண்ணினோம்.

சூலைத் திங்களில் ஒரு சனிக்கிழமை, தியாகராய நகரிலே ஒரு கடைக்குச் சென்றோம். அங்கே வரிசையாக வைக்கப்பட்டிருந்தவற்றுள் ஒன்று எம் கண்ணைக் கவர்ந்தது. கட்டை கண்ணாடி போல் மெருகேற்றப்பட்டிருந்தது. வார் புத்தம் புதியது. வலந்தலையின் நடுவிலே கரிய வட்டம் நாவற்பழம் போல் மின்னிற்று. தட்டினோம், முழங்கிற்று. கடைக்காரர் உறையும் இலவசம் என்றார். 8,200 ரூபாய் கொடுத்து, அதனைக் குழந்தையைத் தூக்குவது போல் மடிமீது வைத்துக்கொண்டு பேருந்திலே திரும்பினோம். எஞ்சிய 800 ரூபாயைக் குழுவின் செயலரிடம் ஒப்புவித்தபொழுது, மலிவாக வாங்கிவிட்டோம் என்ற பெருமிதம் எம் உள்ளத்தே இருந்ததை மறைத்தற்கில்லை.

மூன்று வாரம் சென்றது. ஒருநாள் மாலை, மழை பெய்து ஓய்ந்த ஈரக்காற்றிலே வலந்தலை இறங்கிவிட்டது. சுருதி கூட்டுதற் பொருட்டுக் கல்லைக்கொண்டு விளிம்பிலே தட்டத் தட்ட, ஓரிடத்தில் ஏறிற்று, எதிரிடத்தில் இறங்கிற்று. மேலும் வலுவாகத் தட்டினோம். அப்பொழுது கட்டையின் பக்கத்திலிருந்து விரல் நீளமுள்ள ஏதோ ஒன்று பெயர்ந்து தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அது மரமன்று. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த அடைப்பு. அது விழுந்த இடத்திலே நீண்டதொரு பிளவு வாய் திறந்திருந்தது. மறுநாள் கடைக்குக் கொண்டு சென்றோம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று சுவரில் எழுதியிருந்ததைச் சுட்டிக் காட்டினார்கள்.

இதன் பின்னர் யாம் செய்ததே இக்கட்டுரையில் எழுதுதற்கு மிகவும் கடினமான பகுதி. நண்பர்களிடம் உண்மையைக் கூறினோமல்லேம். மழைக்காலமாதலின் தோல் தளர்ந்துவிட்டது என்றும், ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறோம் என்றும் இரண்டு வாரம் சொல்லிவந்தோம். தோல் தளர்ந்தது மெய்யேயாதலின், யாம் கூறியது முழுப் பொய்யன்று என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டோம். பாதி மெய்யைக்கொண்டு முழு மெய்யை மறைப்பது பொய்யினும் இழிந்தது என்பதை எந்த நூலிலும் கற்காமலே அந்நாட்களில் உணர்ந்தோம்.

நிற்க. எம் ஆசிரியர் அம்மிருதங்கத்தைப் பார்த்துவிட்டுச் சினந்தாரில்லை. மயிலாப்பூர்க் கச்சேரி சாலையை அடுத்த ஒரு சந்தின் பெயரைக் கூறி, அங்கே வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் காட்டும்படி அனுப்பினார். இச்சாலைக்குக் கச்சேரி என்னும் பெயர் இசையரங்கினால் வந்ததன்று. பழைய அரசாங்கக் கச்சேரியினால் வந்தது. அதன் ஒரு தலையிலே கபாலீசுவரர் கோயிற் பக்கமும், மற்றொரு தலையிலே 1896-இல் புதிதாகக் கட்டப்பெற்ற சாந்தோம் பேராலயத்தின் பக்கமும் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே, ஓட்டு வீடொன்றின் முன்தாழ்வாரத்தில், தொங்கவிட்ட தோல்களுக்கும் மூட்டுகளுக்கும் நடுவே முதியவர் அமர்ந்திருந்தார்.

அவர் எம் மிருதங்கத்தின் தோலை முதலிலே தொட்டாரில்லை. மடியிற் கிடத்தி, விரற்கணுவினால் கட்டையை ஒரு தலையிலிருந்து மறுதலை வரையில் தட்டிக்கொண்டே சென்றார். "தம்பி, வாங்கும்போது இதை எங்கே தட்டிப் பார்த்தாய்?" என்றார். தோலிலே என்றோம். "எல்லாரும் அங்கேதான் தட்டுவார்கள். தோல் சட்டை, கட்டை உடம்பு. சட்டை கிழிந்தால் வேறு தைத்துக்கொள்ளலாம். உடம்பைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்து வாங்கியிருக்கிறாய்," என்று கூறிச் சிரித்தார். அன்று மாலை அவர் கற்பித்தவற்றைத் தொகுத்துக் கூறுவாம். சிறுதொகை கொண்டு கருவி வாங்க விழையும் அன்பர்கட்கு இவை பயன்படும்.

முதலாவது கட்டை. மிருதங்கத்திற்குப் பலாமரமே சிறந்தது. முற்றிய பலா கனமாயிருக்கும். இளமரமோ காயக் காயப் பிளவுறும். ஒரு கட்டையை விரற்கணுவினால் தட்டும்பொழுது எல்லா இடத்தும் ஒரே ஓசை எழுதல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஓசை மாறின் அங்கே பிளவோ அடைப்போ உண்டு. மிகுந்த மெருகு ஐயத்திற்கு இடந்தருவது. மரத்தின் வரிகள் கண்ணுக்குத் தெரியும் கட்டையே நம்பத்தக்கது. மூட்டு கழற்றப்பட்டிருக்குமாயின் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தல் நலம். தோல் சில திங்களிலோ ஓரிரண்டு ஆண்டிலோ மாற்றப்படுவது. நல்ல கட்டையோ ஒரு தலைமுறைக்கும் அப்பால் நிற்பது. ஆகலான் பணம் குறைவாயுள்ளவன் பழைய நல்ல கட்டையை வாங்கி, அதற்குப் புதிய தோல் கட்டுவித்தலே அறிவுடைமை என்க. யாம் செய்தது இதற்கு நேர்மாறானது.

இரண்டாவது வலந்தலை. இது மூன்று தோல்களால் ஆயது: மேலே வளையமாக வெட்டிய தோல், நடுவிலே அதிர்கின்ற முழுத்தோல், அடியிலே மற்றுமொரு வளையத்தோல். வார் கோத்து இழுக்கும் இடங்கள் பதினாறு. இவற்றைக் கண் என்பர். பதினாறு கண்ணிலும் ஒரே சுருதி நிற்றல் வேண்டும். ஒவ்வொரு கண்ணின் அருகிலும் மெல்லத் தட்டி, சுருதிப் பெட்டியின் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குறை தெரியும். மோதிர விரலை மெல்லப் பொருத்திச் சுட்டுவிரலால் மீட்டும் 'நம்' என்னும் சொல் தெளிவாக எழுந்து சற்று நீண்டு அடங்கவேண்டும். சாப்பு ஓசை மணியோசை போல் இனிக்கவேண்டும். கடையிலே ஐந்து நிமிடம் வாசித்து மகிழ்தல் போதாது. அரைமணி நேரம் வாசித்த பின்னரும் சுருதி நிற்கின்றதா என்று காணல் வேண்டும். நம் சென்னையின் கடற்காற்று தோலைத் தளர்த்துவதாகலின் இச்சோதனை இன்றியமையாதது.

மூன்றாவது வலந்தலையின் நடுவிலுள்ள கரிய வட்டம். இதனைச் சோறு என்றும் கரணை என்றும் கூறுவர். ஒருவகைக் கருங்கல்லைப் பொடித்து, வெந்த சோற்றுடன் பிசைந்து, ஒரு படலம் இட்டு, வழவழப்பான கல்லினால் தேய்த்து உலர்த்தி, அதன்மேல் மறுபடலம் இட்டு, இவ்வாறே பன்முறை செய்து அமைப்பது இது. விரலால் தடவினால் மேடுபள்ளம் இன்றி, விளிம்பை நோக்கி வரவர மெலிந்து செல்லவேண்டும். பொடி உதிருமாயின் அதன் வாழ்நாள் சிறிது. நான்காவது இடந்தலை. இதற்கு நிலையான சோறு இல்லை. வாசிக்குமுன் ரவையை நீர்விட்டுப் பிசைந்து நடுவில் அப்பி, வாசித்தபின் எடுத்துவிடுவர். ரவை இட்ட பின்னர் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தினால் ஓசை வளைந்து எழவேண்டும். எழாதாயின் தோல் தடித்தது.

இக்காலத்தே வாருக்கு மாற்றாகத் திருகாணி அமைத்த மிருதங்கங்களும், தோலுக்கு மாற்றாகச் செயற்கைப் படலம் அமைத்தனவும் வந்துள்ளன. தோல் வேலை செய்வோர் அருகில் இல்லாத அயல்நாட்டுத் தமிழர்க்கும், கல்லும் குச்சியும் கொண்டு சுருதி கூட்டக் கல்லாத தொடக்க மாணவர்க்கும் இவை உதவுவன. எனினும் ஒலியின் கனிவிலே தோலுக்கு நிகராகா என்பதே எம் செவி கண்டது.

இக்கரிய வட்டத்தின் பெருமையை உலகறியச் செய்தவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற சி. வி. இராமன் அவர்கள். பொதுவாக முரசு முதலிய தோற்கருவிகளைத் தட்டினால் எழும் துணையொலிகள் அடிப்படை ஒலியோடு இசைந்த எண்விகிதத்தில் நிற்பனவல்ல. ஆதலின் அவை முழக்கமாய்க் கேட்குமேயன்றிச் சுரமாய்க் கேளா. நடுவிலே பாரம் ஏற்றிய மிருதங்கத் தோலோ நரம்புக் கருவி போல இசைவுடைய துணையொலிகளைத் தருகின்றது என்பதை, சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் இராமன் வெளியிட்டார். பின்னர், அதிரும் தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அசையாது நிற்கும் கோடுகளை வரைந்து காட்டி, முதல் ஐந்து ஒலிகள் அவ்வாறு இசைந்து நிற்பதை விளக்கினார். தமிழ் பயில்வார்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மிருதங்கம் என்னும் வடசொல்லின் முற்பகுதி மண்ணைக் குறிப்பது. சங்கப் புலவர்களும் முழவினை மண் பூசப்பெற்றதாகவே பாடியுள்ளனர். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக எண்ணியிருக்கின்றார். தோலின்மேல் எதனைப் பூசினால் ஓசை இனிக்கும் என்பதை இராமனுக்கு நெடுங்காலம் முன்னரே கண்டறிந்த கைகள் இந்நாட்டில் இருந்தன.

அக்கைகள் யாருடையவை என்னும் கேள்வி அன்றுதான் எமக்குத் தோன்றிற்று. முதியவரின் தலைக்கு மேலே, சுவரில், வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று மாலையுடன் இருந்தது. தாம் கத்தோலிக்கர் என்றும், தம் முன்னோர் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தோர் என்றும் கூறினார். நான்கு ஆண்டுகளாக மிருதங்கம் பயின்ற எமக்குப் பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை என்று வித்துவான்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். அவர்கள் தட்டிய கருவியைச் செய்தவர் ஒருவர் பெயரேனும் தெரியாது. எம் சமயத்தவரே பலர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்து வருகின்றனர் என்பதும் தெரியாது.

பின்னர் நூலகத்திற்குச் சென்று, பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதி 2020-இல் வெளிவந்த 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் ஆங்கில நூலைப் படித்தோம். தஞ்சைச் செபாஸ்டியன் வழியினர் முதலாக மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைக் கூறுவது அந்நூல். அவர்களுட் பலர் தலித்துக் கிறித்தவர். மணி ஐயரின் மிருதங்கங்களை அமைத்த பர்லாந்து என்பாரும் அவ்வழியினரே. இக்கருவிக்குப் பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். இவற்றைத் தேர்ந்து, ஊறவைத்து, மயிர் களைந்து, பதம் செய்யும் வேலையைத் தீட்டு என்று ஒதுக்கியவர்களின் அரங்கிலேதான் அக்கருவி மேடையேறுகின்றது. அந்நூலின் வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்திரம் முதலில் இடம் தந்து, சர்ச்சைக்குரிய செய்திகள் நூலில் உளவென்று கூறி 2020 சனவரியில் அவ்விசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா தரமணியிலுள்ள இதழியல் கல்லூரியில் நடந்தேறியது. இவ்விடங்கள் எல்லாம் எமக்குப் பேருந்திற் சென்று பழகிய இடங்கள். இச்செய்தி மட்டும் எம் செவிக்கு எட்டவில்லை.

மீண்டும் முதியவரிடம் வருவோம். எம் கட்டை இனித் தேறாது என்றார். தம்மிடம் இருந்த பழைய பலாக்கட்டை ஒன்றைக் காட்டி, இருபுறமும் புதிய மூட்டுக் கட்டித்தர 7,000 ரூபாய் ஆகும் என்றும், எம் மிருதங்கத்தின் வார் நல்ல வாராதலின் அதனை எடுத்துக்கொண்டு 1,000 குறைத்துக்கொள்ளலாம் என்றும் கூறினார். யாமோ, தியாகராய நகரிற் பேச வேண்டிய பேரத்தை இங்கே பேசத் தொடங்கினோம். 5,000 ரூபாய்க்கு ஆகாதா என்றோம். அவர் சற்றுநேரம் மறுமொழி கூறவில்லை. பிறகு, "தோல் ஊறப் போடவேண்டும், சுரண்டவேண்டும், வெட்டவேண்டும், பின்னவேண்டும், சோறு போட்டுப் போட்டுத் தேய்க்கவேண்டும். இதில் எந்த வேலையைக் குறைக்கட்டும், சொல்லு தம்பி," என்றார். சினத்தோடு கூறினாரல்லர், கேட்டுத் தெரிந்துகொள்பவர் போலவே கேட்டார். அவர் விரல் நுனிகள் கரிப்பொடி ஏறித் தேய்ந்திருந்தன. யாம் தலைகுனிந்து 6,000 ரூபாய்க்கு இசைந்தோம்.

இசைந்தோமேயன்றிப் பணம் எங்கே? அந்தச் சனிக்கிழமைப் பயிற்சியின் தொடக்கத்தில், கட்டையிலிருந்து பெயர்ந்து விழுந்த அடைப்பைக் கையில் எடுத்துச் சென்று, நண்பர்கள் நடுவிலே வைத்து, நடந்தது முழுவதும் கூறினோம். ஏமாந்ததைப் பொறுத்தனர். இரண்டு வாரம் மறைத்ததைப் பொறுத்திலர். சிற்றுண்டி துறந்த நண்பர், "பணம் போனது கடைக்காரரால். எங்களிடம் சொல்லாதது உம்மால்," என்று கூறி வெளியே எழுந்து சென்றார். அவர் கூறியது முற்றும் சரி. மூன்று நாள் எம்மோடு பேசாதிருந்து, நான்காம் நாள் தாமே வந்து, "மயிலாப்பூருக்கு எப்பொழுது போகிறோம்? இம்முறை நானும் தட்டிப் பார்ப்பேன்," என்றார்.

செயலரிடம் இருந்த 800 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தோம். மீதி 5,200 ரூபாயையும் யாமே தருவதாகக் கூறினோம். நண்பர்கள் அதற்கு இசையாமல் தலைக்கு 200 ரூபாயாகப் பன்னிருவரும் 2,400 தந்தனர். எஞ்சிய 2,800 ரூபாயை, அடையாற்றில் இரு சிறுவர்க்குத் தமிழ் இலக்கணம் கற்பித்து இரண்டு திங்களில் ஈட்டிக் கொடுத்தோம். முழுத்தொகை சேருமுன்னரே முதியவர் மிருதங்கத்தைக் கொடுத்துவிட்டார். கிறிஸ்து பிறப்பு விழாவின் நிகழ்ச்சித் தாளிலே பாடுவோர், வாசிப்போர் பெயர்களோடு மிருதங்கம் செய்தவர் பெயரும் அச்சிடவேண்டும் என்று குழுவினர் விரும்பினர். அதனை அவரிடம் தெரிவித்தபொழுது, "போடுங்கள், வேண்டாம் என்னேன். பாக்கி 400 இருக்கிறது, அதையும் மறவாதீர்கள்," என்றார். பெயரும் அச்சாயிற்று, பாக்கியும் தீர்ந்தது.

விழாவன்று அவர் வெள்ளை வேட்டியுடன் வந்து ஆலயத்தின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தார். யாம் வாசித்துக்கொண்டே அவ்வப்பொழுது அவரை நோக்கினோம். அவர் பாடுவோரைப் பார்த்திலர். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். விழா முடிந்து எல்லோரும் கைகுலுக்கிப் பாராட்டும் நேரத்தில் எம்மை அணுகி, "நன்றாயிருந்தது தம்பி. ஐந்தாவது கண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு வா," என்றார்.

அவ்வாறே திங்கட்கிழமை எடுத்துச் சென்றோம். சிற்றுண்டி துறந்த நண்பரும் உடன் வந்தார். இருவரும் கண் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். ஐந்தாவது கண் மெய்யாகவே இறங்கியிருந்தது.